முப்பத்தேழாம் நிமிடம்

குழுவில் அவனை ஐஸ் என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பிராசசரை, கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்ப்பதில் பைத்தியமாக இருக்கும் முப்பது நாற்பது பேர் சேர்ந்த இணையக் குழு அது. வேகத்தை ஏற்றினால் சூடு ஏறும். சூடு ஏறினால் மெஷின் பாதியில் உறைந்து நிற்கும், இல்லையென்றால் தானே அணைந்துவிடும். மற்றவர்கள் வீட்டில் தொண்ணூறு டிகிரியைத் தொடும் வேகத்தில் அவன் வீட்டில் எழுபதைத் தாண்டாது. அதனால் ஐஸ். மற்றபடி யாருக்கும் ஐஸ் வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. எவனாவது பிராசசர் மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்டை அள்ளி அப்பிப் படம் போட்டால், கேக்குக்குக் க்ரீம் தடவுகிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவான்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். இருபத்தோரு வருடமாக ஒரே கம்பெனி. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்றாகிவிட, முப்பத்தொன்பது வயதில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். நிலத்தடி நீர் அவள் பாடம். நாற்பத்திரண்டு கிணறுகள். பெய்கிற மழை, இறைக்கிற தண்ணீர், மண்ணின் வாகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இன்னும் இருபது வருடத்தில் எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுவாள். ஒருமுறை அல்ல, எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். பழைய மெஷினில் ஒரு கணக்கு முடிய முழுதாக இரண்டு நாள் ஆகும். கிணறு வெட்டினால்கூட இந்நேரம் தண்ணீர் வந்திருக்கும் என்று அவன் கேலி செய்வான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவளுக்காகப் புதுப் பிராசசர் வாங்கி வந்து மாட்டினான். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, மெஷினைப் படுக்கப் போட்டு, நெம்புகோலைத் தூக்கிப் பழையதை எடுத்தான். புதியதன் மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தை மதர்போர்டில் இருந்த முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல், அது தானே உட்காரும்படி விட்டான். நடுவில் மிளகு அளவு பேஸ்ட். மேலே கூலர். நாலு திருகையும் குறுக்கு மறுக்காக, சுற்றுக்குச் சுற்று சமமாக முடுக்கினான். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் மாதிரி இருக்கே என்றாள். கணக்கு இருபது மணி நேரத்தில் முடிந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாமியார் அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், எங்கள் மாப்பிள்ளை மாதிரி பெண்டாட்டியைப் படிக்க வைக்கிறவர் யார் என்று பேச்சுக்குப் பேச்சு சொல்ல ஆரம்பித்தார்.

அவளுக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. அதே பிராசசரை வைத்திருந்த இன்னொருவன் குழுவின் வேகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தான். அடுத்த வாரம் மனைவி பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்து வேகத்தை ஒரு படி ஏற்றினான், பிறகு இன்னொரு படி. சூடு ஏறாமல் இருக்க, பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தான். அதில்தான் அவன் கைதேர்ந்தவன். வயிற்றைக் கட்டி வேலை வாங்குகிற வித்தை. உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடுகிற எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்துச் சோதிக்கிற டெஸ்டைப் பத்து நிமிடம் ஓட்டினான். தப்பில்லை. அறுபத்தெட்டு டிகிரி. படம் எடுத்துக் குழுவில் போட்டான். கைதட்டல் மழையாகக் கொட்டியது.

ஒருவர் மட்டும் ஒரு மணி நேரமாவது டெஸ்டை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மூன்று பிராசசரை எரித்துவிட்டு, மூன்றையும் மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னதால் அவருக்குக் கரிக்கட்டை என்று பெயர். கையைச் சுட்டுக்கொண்டவரெல்லாம் வாத்தியார் ஆகிவிட்டார் என்று ஐஸ் பதில் போட்டான். அதற்கும் சிரிப்பு. கரிக்கட்டையும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வேகத்தைக் கூட்டியதை மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்லத் தோன்றவில்லை. கணக்கு இப்போது பதினாறு மணி நேரத்தில் முடிந்தது. மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான்கு மாதம் அதில் அவள் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்து, அத்தியாயத்தை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள்.

பேராசிரியர் கறாரான பெண்மணி. எந்த மாணவர் கணக்கையும் ஒருமுறை தங்கள் துறையின் மெஷினில் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு சனிக்கிழமை அவளை வரச் சொன்னார். அவள் மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கழுவின கையோடு சமையலறையில் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். மூன்று கிணறுகளின் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே கணக்கை ஒரே எண்களோடு போட்டால் ஒரே விடைதான் வரும், நடுவில் யாராவது கை வைத்தால்தான் மாறும் என்று பேராசிரியர் சொன்னாராம். அந்த மூன்றில் ஒரு கிணறு, அவள் அத்தியாயத்தில் சொன்ன முடிவுக்குச் சாதகமாக மாறியிருந்தது. அதுதான் வினை. எண்ணைத் திருத்தினாயா என்று நேராகக் கேட்கவில்லையாம். யோசித்து எழுதிக் கொடு என்றாராம்.

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமாங்க?" என்று கேட்டாள்.

"மெஷின் மேல சந்தேகமே வேண்டாம்," என்றான் அவன். "நான் செட் பண்ணினது."

கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அந்தப் பத்து நிமிட டெஸ்ட் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாலாம் தேதி. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலை பத்து மணிக்கு அவன் டெஸ்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தான். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரைமணி. ஒன்றுமில்லை. எழுந்து காபி போடப் போகலாம் என்று நினைத்தான். முப்பத்தேழாம் நிமிடத்தில் ஆறாவது கோர் நின்றது. திரையில் ஒரே ஒரு வரி. வர வேண்டிய எண் இது, வந்த எண் இது. இரண்டுக்கும் கடைசி இலக்கங்களில் வித்தியாசம்.

மெஷின் உறைந்து நின்றிருந்தால் பரவாயில்லை, அணைந்திருந்தால் பரவாயில்லை. ஓடிக்கொண்டே, சிரித்த முகத்தோடு பொய் சொல்லியிருக்கிறது. எப்போதோ ஒரு தடவை, ஆயிரத்தில் ஒரு கணக்கில். நாலு மாதமாக.

அவன் அப்போதே மாமியார் வீட்டுக்குப் போன் போட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தான். மெஷின் மேல் சந்தேகமே வேண்டாம் என்று சொல்லி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. குழுவின் பட்டியலில் அவன் பெயர் முதலில் இருந்தது. போனை வைத்துவிட்டு, வேகத்தையும் வோல்டேஜையும் கம்பெனி சொன்ன அளவுக்கே இறக்கினான். இனிமேல் வருகிற கணக்கு சரியாக வரும், அவளே திரும்பப் போட்டுக் கொடுத்துவிடுவாள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவள் திரும்பப் போட்டாள். சரியாகத்தான் வந்தது. பேராசிரியரின் மெஷினில் வந்த அதே எண்கள், கடைசி இலக்கம் வரை. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் உடைந்து போனாள். மெஷின் சரி என்று ஆகிவிட்டதே. அப்படியானால் தப்பு தன் கையில்தானே. எண்களை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தானே எதையோ அடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். நாலு மாதத்துக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள். பள்ளிக்கூடத்தில் குடுவைகளை இரண்டு முறை எண்ணினாள். கேஸை மூடினேனா என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த காரியம் அவள் தலையில் விடிந்திருந்தது. அது அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தான். ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லாததற்குக் காரணம் ஒன்று கூடிக்கொண்டே போனது.

பதினாலாம் தேதி, புதன்கிழமை. சாயங்காலம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேராசிரியருக்கு எழுதிய கடிதம். எண்கள் மாறியது தன்னால்தான் இருக்க வேண்டும், வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் பொறுப்பு தன்னுடையது, துறை எடுக்கிற எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

"பிழை ஏதாவது இருக்கான்னு பாத்துக் குடுங்க. எனக்குக் கண்ணுல எதுவும் நிக்க மாட்டேங்குது."

அவன் படித்தான். இரண்டாம் பத்தியில் 'கவனகுறைவு' என்று எழுதியிருந்தாள். பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'க்' போட்டான். தாளைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, ஆமா, ஒற்று விட்டுப்போச்சு என்று சொல்லி, நல்ல தாளில் எழுத உட்கார்ந்தாள். அவன் எதிரில் அமர்ந்து சாப்பிட்டான். தட்டில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. சாப்பிட்டது மட்டும் தெரியும்.

மறுநாள் காலை ஓர் அலுவலகக் கட்டடத்தில் மாதாந்தரப் பராமரிப்பு. அந்தக் கட்டட மேனேஜருக்கு வெகுநாளாக ஒரு குறை. எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் லிஃப்ட் மணியடித்து நின்றுவிடுகிறது, பத்துப் பேர் என்று மாற்றிக் கொடுக்கக் கூடாதா, அந்தக் கயிறு அதைப் போலப் பல மடங்கு தாங்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பின்னாலேயே வந்தார்.

"தாங்குதேன்னு ஏத்துறதுக்கு இல்ல சார் அது," என்றான் அவன். "உள்ள நிக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது. அவங்களுக்காக விட்டு வெச்சது. அதுல கை வைக்க எனக்கே உரிமை கிடையாது."

பேசி முடித்ததும் அவனுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. மேனேஜர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மாடியில் மோட்டார் அறைக்குள் போய், கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். இருபத்தோரு வருடத்தில் ஒரு லிஃப்டில்கூட அவன் அந்த அளவைத் தொட்டதில்லை. முன்பின் தெரியாத ஆட்களின் உயிருக்குக் காட்டிய மரியாதையை வீட்டுக்காரியின் உழைப்புக்குக் காட்டவில்லை. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

முழு உண்மையையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினான். இறங்கும்போது அதில் கொஞ்சம் குறைந்திருந்தது. சரி, தப்பைச் சொல்லிவிடுவோம், தேதியை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மனசு பேரம் பேசியது. அவள் வருவதற்குள் பழைய வேகத்துக்கே ஏற்றி மறுபடி டெஸ்டை ஓட்டினான், இன்றைய தேதியில் ஒரு தப்பு விழுந்தால் அதைக் காட்டலாம் என்று. இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு தப்பும் விழவில்லை. அவன் வேண்டிக்கொண்டபோது பிராசசர் தங்கமாக வேலை செய்தது.

மூன்று மணிக்கு அவள் வந்ததும் உட்கார வைத்துச் சொன்னான். தான் வேகத்தைக் கூட்டியிருந்ததை, வோல்டேஜைக் குறைத்ததை, அதனால் கணக்கு தப்பியதைச் சொன்னான். வெயில் ஏறுகிறதே என்று போன வாரம் வேகத்தை இறக்கியதாகவும், அதனால்தான் இப்போது சரியாக வருகிறது என்றும் சொன்னான். நேற்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு ஒரு சந்தேகத்தில் பழையபடி ஏற்றிச் சோதித்தபோதுதான் தெரிந்தது என்றான். இறக்கியதற்குச் சொன்ன காரணமும் நேற்று என்றதும் பொய்.

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு அழுதாள். அது கோபத்தில் வந்த அழுகை அல்ல.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல," என்றாள். "நான் ஒண்ணும் பண்ணலங்க."

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னதற்கு நன்றி என்பது போல அந்தப் பிடி இருந்தது. அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. டெஸ்ட் எழுதிவைத்த பதிவு மெஷினில் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றான். நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு கூட வாருங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் பதிவைத் திறந்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நாலாம் தேதி. முப்பத்தேழாம் நிமிடத்து வரியிலும் அதே. நாலு என்று இருப்பதைப் பதினாலு என்று ஆக்க, முன்னால் ஓர் ஒன்று போட்டால் போதும். எல்லா வரியிலும் ஒரே தட்டில் மாற்றிவிடலாம். விரல் விசையின் மேல் இருந்தது. எண்ணைத் திருத்தினவள் என்ற பழியைத் துடைக்கப் போகிற காகிதத்தில் எண்ணைத் திருத்துவதா என்று நினைத்தபோது விரல் தானாகவே விலகியது. இருந்தபடியே அச்செடுத்தான். அதற்கு மேல் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் தேதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் படிக்காமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

பேராசிரியரின் அறையில் இரண்டு நாற்காலிகள். அவன் நின்றுகொண்டே விளக்கினான். பேராசிரியர் குறுக்கே பேசாமல் கேட்டார். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார்.

"இது நாலாம் தேதி ஓட்டினது," என்றார். "இன்னைக்குத் தேதி பதினாறு."

மனைவி தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. நாலிலிருந்து, அவன் வாய் திறந்த நேற்று வரை.

"பதினோரு நாள்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"ஆமாம்," என்றான் அவன். "நாலாம் தேதியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேகத்தை இறக்கினேன். நேத்து இவகிட்ட சொன்னது முழுசா உண்மை இல்ல."

பேராசிரியர் அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, நானும் உன் மேல் சந்தேகப்படும் முன் மெஷினைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளி, நடந்ததைத் தேதி வாரியாக எழுதித் தரச் சொன்னார். அவன் அங்கேயே உட்கார்ந்து எழுதினான். வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்த காலத்தில்கூட அவன் காது இவ்வளவு எரிந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் முன்னால் போய் வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும்தான் பேசினாள்.

"மெஷின் தப்பினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் வாங்குனீங்க. ஆனா அந்தக் கடுதாசில ஒற்றுப் போட்டுக் குடுத்தீங்க பாருங்க..." அவள் முடிக்கவில்லை. "எப்படிங்க கை வந்துச்சு?"

அன்று சாயங்காலம் குழுவில், தன் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி எழுதினான். காரணத்தையும் எழுதினான். பத்து நிமிட டெஸ்ட், நாலு மாதக் கணக்கு, மனைவி மேல் விழுந்த பழி, பதினோரு நாள் மௌனம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கரிக்கட்டை மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். என் மூணும் எரிஞ்சது என் காசோட போச்சு, உங்களுது பெரிய சூடுதான், சாப்டீங்களா என்று கேட்டிருந்தார். அவரைக் கேலி செய்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டான்.

அவள் நாலு மாதக் கணக்கையும் துறையின் மெஷினிலேயே மறுபடி போட்டாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவாள். வீட்டில் பேச்சு, உப்பு போதுமா, கரண்ட் பில் வந்ததா என்ற அளவில் நின்றது. மாமியார் மட்டும் விஷயம் தெரியாமல் மாப்பிள்ளை புராணம் பாடிக்கொண்டிருந்தார். அவள் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி வந்தது.

அடுத்த வருடம் அவளுடைய வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான், பக்கத்தில் மாமியார். அவள் கிணறுகளைப் பற்றி ஒரு மணி நேரம் திக்காமல் பேசினாள். ஆய்வேட்டின் கடைசியில் இணைப்பாகச் சேர்த்திருந்த ஒரு பகுதியைத் தேர்வாளர் திருப்பிக் கேட்டார். கணினியின் தப்பால் எண்கள் மாறியதையும் அதைக் கண்டுபிடிக்கும் முறையையும் அவள் அதில் எழுதியிருந்தாள். இதைப் பலரும் எழுத மாட்டார்கள், இந்த மெஷினை இப்படி ஆக்கியது யார் என்று கேட்டார்.

"என் கணவர்," என்றாள். "கடைசி வரிசையில இருக்கார்."

முப்பது தலைகள் திரும்பின. யாரும் அவனை எழச் சொல்லவில்லை. அவன் எழுந்து நின்றான். மாமியார் ஒன்றும் புரியாமல் அவன் சட்டையை இழுத்தார். தேர்வாளர் தலையசைத்து உட்காரச் சொல்லும் வரை நின்றான்.

எல்லாம் முடிந்து வராந்தாவில் டீ கொடுத்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரை ஆகிவிட்டது. எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் தூண் ஓரமாக நின்றான். இன்னொரு ஆராய்ச்சி மாணவி தயங்கித் தயங்கி அவனிடம் வந்தாள். அந்தப் பிராசசரின் வேகத்தைக் கூட்டியது நீங்கள்தானா என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான்."

தன் மெஷினையும் தம்பி ஏதோ வேகம் கூட்டிக் கொடுத்திருக்கிறான், எவ்வளவு நேரம் சோதித்தால் நம்பலாம் என்று கேட்டாள். ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாலும் நம்ப வேண்டாம், படிப்புக்கான மெஷின் என்றால் கம்பெனி கொடுத்த வேகத்திலேயே வைக்கச் சொல் என்றான். தம்பியிடம் கோபப்படாமல் கேளும்மா, பயந்தால் மறைப்பான் என்றும் சொன்னான்.

மனைவி டீக் கோப்பையோடு எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று அவன் கவனிக்கவில்லை. அந்தப் பெண் போன பிறகு கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"ஆறிடுச்சு, குடிங்க," என்றாள்.

அவன் வாங்கிக் குடித்தான். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அதற்குள் மாமியார் வந்து, அந்தப் பெரியவர் கேட்டதற்கு நீங்கள் எதற்கு எழுந்து நின்றீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். சரி, இதையும் தான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டு, மாமியாரைப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.